குளம்பைத் தூக்காத நிபுணர்கள்

வேலூரிலிருந்து ஆம்பூர் வரை ஒரு வகை மனிதர்கள் செழிப்பாக வளர்கிறார்கள். வெயிலோ தோல் பதனிடும் ஷாப்பு வாடையோ அவர்களை ஒன்றும் செய்வதில்லை. குளம்பைத் தூக்காத நிபுணர்கள் என்று இவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். எங்காவது ஒரு குதிரை லேசாக விந்தி நடந்தால் போதும், வந்துவிடுவார்கள். லேசாக என்பதைக் கவனியுங்கள். படுத்தே விட்ட குதிரையின் பக்கம் வரமாட்டார்கள். அங்கே தவறாகச் சொன்னால் தெரிந்துவிடுமே!

குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி, தோளைத் தட்டி, முழங்காலைத் தடவி, காதை முறுக்கி, வாயைப் பிளந்து பல்லைக்கூடப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார்கள். குளம்பு? அது கீழே இருக்கிறது. குனிய வேண்டும்.

இவ்வளவு திட்டமாக எப்படிச் சொல்கிறேன் என்கிறீர்களா? அந்த இனத்தில் நானே ஒரு நல்ல மாதிரி.

என் அண்ணன் தானியேல் ஆம்பூரில் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விட்டுக்கொண்டிருந்தார். தை மாதம் அவர் இறந்துபோனார். பிஜ்லி என்ற அந்தக் குதிரை மட்டும் கொட்டகையில் நின்றது. அண்ணி பிரிசில்லா அதை யாருக்கும் தர மறுத்துவிட்டார். விடிந்ததும் முதல் பேச்சு அதனிடம்தான். அது முன்னங்காலைத் தாங்கித் தாங்கி வைக்க ஆரம்பித்த அன்று, "தம்பி, இதுவும் போய்ட்டா வூட்ல இன்னா இருக்கு?" என்று கேட்டார்.

பதில் தெரியாதவன் என்ன செய்வான்? நிபுணர்களைக் கூட்டினேன்.

பச்சைத் தோல் மண்டியில் வேலை பார்க்கும் அதாவுல்லா முதலில் வந்தார். "தோள்ல புடிப்பு, தோஸ்த். தோல் எப்டி சுருங்குது பாரு. எவ்ளோ வருஷமா தோல் பாக்குறேன்!"

"அதெல்லாம் உரிச்ச தோலு பாய்," என்றார் பக்கத்து வீட்டுக் கோதண்டபாணி, லாரி ஓட்டி ஓய்ந்தவர். "இது உசுரோட நிக்குது. அலைன்மென்ட் போச்சு. லெஃப்ட்ல இழுக்குது."

"இழுத்தா? ஸ்டியரிங்கு எங்க கீது, வால்லயா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. காலில் கோளாறு என்றால் என்னைப்போல் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிறவனைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? அட்டையை விரித்து, பிஜ்லியை அதன்மேல் நிறுத்தி, முன்னங்குளம்பு இரண்டையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். பாதத்துக்கு அளவெடுக்கும் எங்கள் முறை அதுதான். பாதத்தைத் தூக்கவே வேண்டாம், பாருங்கள், அதுதான் அதன் சிறப்பு. கோடுகளை ஆராய்ந்து, "இடது கால் அரை சைஸ் பெரிசு. லாடம் கடிக்குது," என்று அறிவித்தேன். இருவரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அந்தக் கால் தரையில் படும்போதெல்லாம் குதிரை தலையை இறக்கியது. வலி அங்கேதான், சந்தேகமென்ன? மஞ்சள் பூசினோம், எண்ணெய் நீவினோம், ஒத்தடம் கொடுத்தோம். லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவில் வைக்க இன்சோலுக்கும் நான் மாதிரி வெட்டிவிட்டேன்.

பிஜ்லி முன்னைவிட அதிகமாக விந்தியது.

அண்ணி எங்களைக் கேட்காமலே கால்நடை மருத்துவர் பூர்ணிமாவுக்குப் போன் செய்துவிட்டார். டாக்டர் வந்து, பிஜ்லியைச் சிமெண்ட் சாலையில் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தார்.

"எந்தக் காலுக்கு வைத்தியம் பண்றீங்க?"

"லெஃப்ட்," என்றோம் மூவரும்.

"வலிக்கிற கால் கீழ படறப்ப தலையத் தூக்கும் சார். நல்ல கால் படறப்பதான் இறக்கும்."

மஞ்சள் பூசிய நல்ல கால் மாப்பிள்ளைக் களையோடு நின்றது. டாக்டர் வலது குளம்பின்மேல் கை வைத்தார். சுட்டது. அதைத் தூக்கி, அப்பியிருந்த சாணியைக் கொக்கியால் சுரண்டினார். குளம்பின் அடியில் இருக்கும் நடுச்சதையின் ஓரப் பள்ளத்தில் ஒரு ஜல்லித் துண்டு. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தை இடுக்கியால் லேசாக அழுத்தியதும் பிஜ்லி காலை வெடுக்கென்று இழுத்தது.

"உள்ள கன்னிப் போயிருக்கு. இப்டியே வுட்டிருந்தா சீழ் புடிச்சிருக்கும்."

"நடக்குமாம்மா?" அண்ணியின் குரல் இறங்கியிருந்தது.

"நல்லா நடக்கும். இப்ப ரெஸ்ட் குடுங்க, ஈரத்துல நிக்க வுடாதீங்க. அப்புறம் தெனமும் நாலு குளம்பையும் தூக்கிச் சுத்தம் பண்ணணும். யாரு பண்ணுவீங்க?"

அதாவுல்லாவுக்கு மண்டியில் லோடு வந்திருந்தது. கோதண்டபாணிக்கு இடுப்பு வலி. அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காலைத் தூக்க முயன்றார். "தோளால சாஞ்சிக்கினு தூக்குங்க அண்ணி," என்று ஆலோசனை சொன்னேன்.

"சொல்றத வுட்டுட்டு வந்து புடி தம்பி."

பிடித்தேன். அண்ணன் போனபின் அண்ணி முதல்முறையாகச் சிரித்தார். சாணி அப்பிய என் சட்டையைப் பார்த்துத்தான்.

இப்போது நீங்கள். ஜல்லியை எடுத்த இடத்தில் வேப்பெண்ணெய் விட்டிருக்கலாமே என்று படிக்கும்போதே தோன்றியதா? உங்கள் மாமா ஒருவர் இதற்கு வேறு வழி வைத்திருந்தாரா? வெட்கப்படாதீர்கள். காலையில் வாருங்கள். முன்னங்கால்களை அண்ணியும் நானும் பார்த்துக்கொள்கிறோம். பின்னங்கால்களுக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.