எலுமிச்சை வாசனையும் முன்கடை நாற்காலியும்

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் கடையும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் கிளைக்கடையும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் என் நாற்காலியைப் பற்றி யோசிக்க உனக்கு ஏது நேரம்?

விஷயத்துக்கு வருகிறேன். லாரி டிரைவரிடம் நீ சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்தது. "இனிமே அண்ணன் முன்கடையில உட்கார வேணாமாம், பின்னாடி கிடங்குல இருக்கட்டுமாம், தம்பியே வந்து வியாபாரத்தப் பார்த்துக்குறாராம்" என்று, சுமை இறக்குகிறவர்கள் எல்லோரும் காது குளிரக் கேட்கும்படி கத்தினான். காரணம், நான் சென்ட் பூசுகிறேனாம். அதுவும் எலுமிச்சை சென்ட்டாம். இந்த வயதில் என்ன மைனர் வேஷம் என்று கேட்டாயாம். ஆமாம், பூசுகிறேன். நாளைக்கும் பூசுவேன். என்ன செய்துவிடுவாய்?

தகரக் கூரைக்குக் கீழே, நாலு பக்கமும் எண்ணெய்ப் பீப்பாய் சூழ, இந்த வெயிலில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார், தெரியும். பீப்பாய் உருட்டிக் கூலி வாங்கிய காலத்திலிருந்து எண்ணெய்க் கசடு ஊறிய உடம்பு இது. பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலோடு ஒட்டிக்கொள்வார். சினிமாவுக்குப் போனால் முன் வரிசையும் காலி, பின் வரிசையும் காலி. அன்றைக்கெல்லாம் என்னை யாரும் கிடங்குக்குப் போகச் சொல்லவில்லை. இன்றைக்கு மணக்கிறேன், அது குற்றமாகிவிட்டது. சென்ட் கடைப் பெண் என்ன சொன்னாள் தெரியுமா? "வெயிலுக்கு இதான் சார். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலு. மணிக்கட்டுல ரெண்டு பக்கமும், கழுத்துல கொஞ்சம். நாள் பூரா இப்பத்தான் குளிச்ச மாதிரி இருக்கும்." உழைத்து முன்னுக்கு வந்த மனுஷன் நாள் பூரா குளித்த மாதிரி இருக்கக் கூடாதா?

பேக்கரிக்காரர் விஷயத்தைத்தானே பெரிதாக்குகிறாய்? நடந்ததைக் கேள். நம் கடை வழக்கம் நான் கொண்டுவந்தது. என் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து நீட்டுவேன், வாங்க வந்தவர் குனிந்து மோந்து பார்ப்பார். கெட்ட எண்ணெயை எவனும் தன் தோலில் பூசிக்கொள்ள மாட்டான் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கடை வளர்ந்தது. அன்றைக்கும் அப்படித்தான் நீட்டினேன்.

"என்னண்ணே, கடலை எண்ணெயில எலுமிச்சை அடிக்குது?"

"எண்ணெயில இல்லய்யா, கையில."

"கைய மோந்துதானே இத்தனை வருஷமா வாங்குறேன்!"

அடுத்த டின்னை உடைத்து அதே கையில் விட்டேன். எலுமிச்சை என்றார். இன்னொன்றை உடைத்தேன். அதுவும் எலுமிச்சையாம். இடது கைக்கு மாறினேன்; அந்தப் பெண் சொன்னபடி அதிலும்தான் பூசியிருந்தேனே! கடைசியில் கணக்குப்பிள்ளையின் கையை இழுத்து அதில் விட்டேன். அந்த மனுஷன் அப்போதுதான் பச்சை வெங்காயத்தைக் கடித்துச் சாப்பிட்டுவிட்டுக் கையைச் சரியாகக் கழுவாமல் வந்திருக்கிறார். "இது வேற கலப்படமா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் பேக்கரிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

போனவர் சும்மா போகவில்லை. மறுநாளே சோப்புக் காய்ச்சும் அம்மாள் வந்து நின்றார். "எலுமிச்சை வாசனையோட எண்ணெய் வந்திருக்காமே! எனக்கு சென்ட் செலவு மிச்சம், இருக்கறதயெல்லாம் ஏத்துங்க." எண்ணெயில் ஒன்றுமில்லை, வாசனை என்னுடையது என்றேன். கையை மோந்து பார்த்துவிட்டு, "அப்ப நீங்க லிட்டர் என்ன விலை?" என்று கேட்டார். சுமைக்காரர்கள் மூட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். உன் அண்ணியோ, ஸ்பூனில் ஊற்றிக் காட்டச் சொல்லி யோசனை கொடுத்தாள். காட்டினேன். "எனக்கு இருமல் இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு மெஸ்காரர் போனவர் போனவர்தான். யோசனை சொன்னவளும் இப்போது தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறையில் போய்ச் சாப்பிடுகிறாள்.

இதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? வாடிக்கையாளர் போனால் வேறு வாடிக்கையாளர். ஊரே மூக்கைப் பொத்தினாலும் சென்ட்டும் நிற்காது, நானும் எழுந்திருக்க மாட்டேன். இந்தத் தொழிலில் எனக்குத் தெரியாததை நீ வந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கிளைக்கடையைப் பார், கிடங்கில் எலி பார், முன்கடைப் பக்கம் மட்டும் தலை வைக்காதே.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உனக்கும் உண்டு, கொஞ்சம் குறைத்து.

இப்படிக்கு,
நாற்காலியை விட்டு எழுந்திருக்காத
உன் அண்ணன்

பி.கு.: இதை அண்ணியிடம் சொல்லாதே. கோடை ஆரம்பத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்ததே, அது போய்விட்டது, போகும்போது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. கடலை எண்ணெயும் ஒன்றுதான், பச்சைத் தண்ணீரும் ஒன்றுதான். சென்ட் கடைப் பெண் பாட்டில் பாட்டிலாகத் திறந்து நீட்டினாள், ஒன்றும் எட்டவில்லை. இருப்பதிலேயே தூக்கலானது எதுவென்று கேட்டு இதை வாங்கினேன். இன்றைக்காவது தெரியாதா என்று தினம் கொஞ்சம் கூட்டிப் பூசுகிறேன்டா. நேற்று வந்த லோடைக் கையில் தேய்த்து, மோந்து பார்க்கிற மாதிரி நடித்து இறக்கிவைத்திருக்கிறேன். நல்லதா, காறலா, கடவுளுக்குத்தான் தெரியும். அதிலிருந்து இன்னும் ஒரு சொட்டு விற்கவில்லை. இதை ஒட்டி அதே லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன், இன்றைக்கே கிடைத்துவிடும்; நாளைக்குக் கடை திறக்குமுன் வந்துவிடு. நாற்காலியில் நீ உட்கார், நான் ஸ்டூல் போட்டுக்கொள்கிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டே வருகிறேன், நீ மோந்து பார்த்துச் சொல்லு. அப்புறம் அந்த சென்ட்டையும் ஒரு தடவை மோந்து பாருடா. நல்லாத்தானே இருக்கு?