சலாம் போடாத கோட்டு

தோட்டத்தில் பிழைக்கிறவன் துரையைவிட நல்ல கோட்டுப் போடக் கூடாது. கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் தவழுகிற குழந்தைக்கும் இது தெரியும். எனக்கு மட்டும் இது புரிவதற்குப் பசறையிலிருந்து பஸ்ரா வரை போய், ஒரு பெரிய சண்டையைப் பார்த்து, உயிரோடு திரும்பியும் வரவேண்டியிருந்தது.

என்னைப் 'பட்டாளத்துக் கருப்பையா' என்பார்கள். பட்டாளம் என்றதும் துப்பாக்கியை நினைத்துவிட வேண்டாம். அப்பா செத்த செய்தி கேட்டு, துரையிடம் சொல்லாமல் கொள்ளாமல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை விட்டுத் திருச்சிப் பக்கத்து ஊருக்குப் போனவன் நான். அங்கே கூலிப் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த ஒருவனின் பேச்சில் மயங்கிக் கப்பலேறினேன். (நல்ல சோறும் கம்பளியும் உண்டு என்றான். கம்பளி கிடைத்தது.) பஸ்ராவுக்கு அப்பால் ஒரு பொட்டலில் ஆகாயக் கப்பல்கள் வந்து இறங்கும். அவற்றுக்கு எண்ணெய் டின் சுமப்பதும் வாலைப் பிடித்துத் தள்ளுவதும் என் உத்தியோகம்.

ஒருநாள் ஒரு கப்பல் மூக்குக் குத்தி விழுந்து தீப்பிடித்தது. பக்கத்தில் நின்ற பாவி நான்தான். ஓட்டி வந்த வெள்ளைக்காரப் பையனை இழுத்து வெளியே போட்டேன். அவனுக்கு மீசைகூடக் கருகவில்லை. (கருகுவதற்கு மீசையே முளைத்திருக்கவில்லை.) என் கைகள் இரண்டும் முழங்கைக்கு மேல் வரை வெந்துபோயின. ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்கு அவன் ஒருமுறை வந்தான். தன் தோல் கோட்டைக் கழற்றி என் காலடியில் வைத்து, கண் கலங்க இங்கிலீசில் ஏதோ சொன்னான். 'இது உனக்கு' என்றானா, 'இதைத் துடைத்து வை' என்றானா, எனக்கு இன்றுவரை தெரியாது. யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றிருந்தேன். மறுவாரம் பறந்து போனவன் திரும்பி வரவில்லை.

சண்டை முடிந்து என்னையும் அனுப்பி வைத்தார்கள். பண்டாரவளையில் ரயிலை விட்டு இறங்கி, பதுளை வரை மாட்டுவண்டியிலும் அங்கிருந்து நடந்தும் வந்தேன். வழியெல்லாம் மழை. புறப்படும்போது ஆட்டுக்குட்டி கனம் இருந்த கோட்டு, தோட்டத்துக்கு வந்து சேரும்போது எருமைக் கனம் கனத்தது.

லயத்து வாசலில் நின்ற என் மனைவி ராமாயி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"போகும்போது மனுசனாத்தான் போனீங்க. வரும்போது மாடா வந்திருக்கீங்க."

அதன்பிறகுதான் அழுதாள். அழுது முடித்ததும் விஷயத்தைச் சொன்னாள். ஊரிலிருந்து புதிதாக ஆட்கள் வருகிறார்கள். ஆண்பிள்ளை பேர் இல்லாத காம்பிராவை எல்லாம் அவர்களுக்குக் கொடுக்கப் போகிறார்கள். என் பேர் மறுபடியும் செக்ரோல் சம்பளப் பேரேட்டில் ஏறாவிட்டால், அந்த ஒற்றை அறையை விட்டு அவள் வேறொரு குடும்பத்தின் அடுப்படியில் போய்ப் படுக்க வேண்டும். நானோ கணக்குத் தீர்ந்ததற்கான துண்டுச் சீட்டு வாங்காமல் ஓடிப்போனவன். பழைய தோட்டத்துத் துண்டு இல்லாதவனுக்கு எந்தத் தோட்டமும் பேர் போடாத காலம் அது. ஆகவே இந்தத் துரையே மன்னித்தால்தான் உண்டு.

அன்று சாயங்காலமே பெரிய கங்காணி வந்து வழி சொன்னார்.

"தொரையும் சண்டைக்குப் போயிட்டு வந்தவருதான். காலையில பெரட்டுல ஆள் எண்ணி முடிஞ்சதும் அந்தக் கோட்ட மாட்டிக்கிட்டு பங்களாவுக்கு வா. சண்டைக் கதையச் சொல்லு, மனசு எளகும். ஆனா ஒண்ணு, கைய மட்டும் காட்டிராத. வெந்த கைக்கு எந்தத் தொரைடா பேரு போடுவாரு?"

(ஒரு சின்னப் பொய்யையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லயத்து ஆட்களிடம் நான் ஆகாயக் கப்பல் ஓட்டியதாகச் சொல்லியிருந்தேன். அப்படி ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு, எண்ணெய் டின் சுமந்தேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? கதை கடைசிக் காம்பிராவுக்குப் போய்ச் சேருவதற்குள் நான் துருக்கிக்காரன் தலையில் குண்டும் போட்டிருந்தேன்.)

ஆக, கோட்டு வேண்டும். கோட்டோ சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. என் கூட்டாளி சின்னக்கண்ணு தேயிலை காய வைக்கிற ஸ்டோரில் அடுப்பெரிக்கிறவன். அவன் அப்பாதான் விடியலில் பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்பு அடிப்பவர். தோல் விஷயத்தில் அந்தக் குடும்பத்தை மிஞ்சி ஆள் கிடையாது என்பது எங்கள் எல்லாருடைய நம்பிக்கை.

"பனியில நனைஞ்ச தப்புக்கு என்ன செய்றோம்? நெருப்புக் காட்டுறோம். இதுவும் தோலுதானே?" என்றான் சின்னக்கண்ணு.

நாங்கள் தலையாட்டினோம். நெருப்புக் காட்டினால் தப்புத் தோல் இழுத்துக்கொண்டு விறைக்கும், அதற்காகத்தான் காட்டுகிறோம் என்பது அந்த நேரத்தில் ஒரு மண்டைக்கும் எட்டவில்லை. கோட்டு விடிய விடிய ஸ்டோர் அடுப்புக்கு எதிரே தொங்கியது.

காலையில் அது ஆள் இல்லாமலே நின்றது. கை இரண்டையும் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டு, உள்ளே யாரோ இருப்பது போல ஸ்டோர் தரையில் நின்றது. ராமாயி ஒரு பக்கமும் சின்னக்கண்ணு மறு பக்கமுமாக என்னை அதற்குள் திணித்துப் பொத்தான் போட்டார்கள். எனக்கு மூச்சு பாதிதான் போய் வந்தது. சின்னக்கண்ணு என் முதுகில் விரலால் தட்டிப் பார்த்தான். தொம் என்றது.

"நல்லாக் காஞ்சிருக்கு," என்றான், பெருமையாக.

வயல் பொம்மை மாதிரி பங்களாவுக்கு நடந்தேன். விராந்தையில் துரை சாய்வு நாற்காலியில் இருந்தார், பக்கத்தில் கணக்கப்பிள்ளை பேரேட்டோடு நின்றார். துரை இளைத்து, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தார். சண்டையில் அவர் என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. கதவு படாரென்று சாத்தினால் மேசைக்கடியில் போய்விடுகிறார் என்று பங்களாச் சமையல்காரர் இரகசியமாகச் சொல்லியிருந்தார்.

பெரிய கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சலாம் போடுடா," என்று முணுமுணுத்தார்.

போட்டேன். கை தொப்புள் வரை வந்து நின்றுகொண்டது. மறுபடி தெம்பு கொடுத்துப் பார்த்தேன். தோல் கிறீச்சிட்டது, கை வரவில்லை. துரை முன்னால் சலாம் போடாமல் நிற்பது அந்தக் காலத்தில் கொலைக்கு அடுத்த குற்றம். கை நெற்றிக்கு வராவிட்டால் நெற்றி கைக்குப் போகட்டும் என்று குனிந்தேன். (இப்படி ஒரு யோசனை தோன்றியவனை நம்பித்தான் ஆகாயக் கப்பலைக் கொடுத்தார்களாம்.) இடுப்பு மடங்கவில்லை. வெட்டிய மரம் போல அப்படியே படியிலிருந்து சாய்ந்து, துரையம்மாவின் பூச்சட்டிகள் மேல் விழுந்தேன். சட்டிகள் வெடித்த மாதிரி உடைந்தன.

தலையைத் தூக்கிப் பார்த்தால் நாற்காலியில் துரையைக் காணோம். அதற்குப் பின்னால் குந்தியிருந்தார், இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு. அந்த விராந்தையில் அந்தச் சத்தம் எதைப் போன்றது என்று தெரிந்தவர்கள் அவரும் நானும்தான். எனக்கு அவர்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. அதற்குள் பெரிய கங்காணி என்னைப் பலகை போல நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்:

"தொரே, இவன் ஆகாசத்துல பறந்து சண்டை போட்டவனுங்க."

துரை எழுந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் தன்னைக் குந்தின கோலத்தில் பார்த்துவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதற்கு யாராவது ஒருவன் பதில் சொல்லியாக வேண்டும்.

"நீ பறந்தான்?" என்றார் தன் தோட்டத் தமிழில். "எந்தக் கையில் ஓட்டினான்? தூக்கு."

தூக்க முடியவில்லை.

"இந்தக் கோட்டு ஆபீசர் கோட்டு. செத்த ஆள்கிட்டே எடுத்தான்?"

அவனே கொடுத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். கொடுத்தானா? துடைக்கத்தான் வைத்தானோ? பறந்தேன் என்று லயம் முழுக்கக் கூசாமல் சொன்னவனுக்கு, நடந்த ஒரே உண்மை நாக்கில் ஏறவில்லை. நான் பேசாமல் நிற்பதைத் துரை தனக்குப் பிடித்தபடி எடுத்துக்கொண்டார்.

"வெட்டு," என்றார்.

கவ்வாத்து மலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டார்கள். தேயிலைச் செடி வெட்டுகிற கத்தியால் அவர் கோட்டை முதுகோடு கிழித்தார். கை இரண்டையும் தனித்தனியாக உரித்தார். நான் அழுதேன். வலியால் இல்லை. சண்டை எனக்கென்று கொடுத்த ஒரே சாமான் அது.

மூடி வைத்த கைகள் வெளியே வந்துவிட்டன. துரை கிட்ட வந்து பார்த்தார்.

"நெருப்பு?"

"ஆமாங்க தொரை."

"எண்ணெய் நெருப்பு?"

"ஆமாங்க."

அவர் உதடு லேசாக நடுங்கியது. மனசு இளகிவிட்டது, பெரிய கங்காணி சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்தேன். துரை கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"அரைப்பேர் போடு."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மெதுவாகத்தான் சாத்தினார். அரைப்பேர் என்றால் பாதிச் சம்பளம். வேலை முழுசாகத்தான் வாங்குவார்கள்.

"இப்பவாவது சலாம் போடுடா," என்றார் பெரிய கங்காணி. கோட்டு இல்லாத கை தடையில்லாமல் நெற்றி வரை போனது. மூடிய கதவுக்கு நல்ல சலாமாகப் போட்டுவிட்டு வந்தேன்.

காம்பிரா தப்பியது. கோட்டின் கை இரண்டையும் ராமாயி அட்டைக்கடிக்குத் தடுப்பாகக் காலில் மாட்டிக்கொண்டு கொழுந்தெடுத்தாள். ஊவா மலையிலேயே ஆகாயத்தில் பறந்த கால் தனக்குத்தான் என்பாள். எங்கள் வீட்டில் விறகு எடுத்து வை என்று சொன்ன பிறகும் யாராவது அசையாமல் உட்கார்ந்திருந்தால், "அவருக்குக் கோட்டு இன்னும் காயல," என்பார்கள். என் மகன்கள் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், பேரன்களும் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பதுண்டு. அரைப்பேரில் வேலை செய்த வருடங்களை நினைத்தால் வயிறு எரியும், அதை யாரும் கேட்பதில்லை.

சில வருடம் கழித்து அந்தத் துரை சீமைக்கே திரும்பிப் போனார். ரோட்டோரத்தில் எங்களையெல்லாம் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கார் வந்தபோது எல்லாருடைய கையும் நெற்றிக்குப் போனது. துரை என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் கை இரண்டும் தொங்கியபடியே இருந்தன.

கார் வளைவில் மறைந்ததும் ராமாயி என் காதருகில், "ஏங்க, கோட்டு போட்டிருக்கீங்களா?" என்றாள்.

"ஆமா," என்றேன். "இன்னும் காயல."