குழாய்க்கு வந்த மாரடைப்பு

மசாலா மகான் மூன்றாம் மாடியில் கடை விரித்திருந்தார். லிஃப்ட் இல்லாத கட்டடம். இதய நோயாளிகளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்குமா? ஏறி வந்தும் மூச்சு மிச்சமிருந்தால், அதுவும் மகானின் மகிமையாகிவிடும்! படிக்கட்டு முழுக்க வழிந்த வரிசை தெருமுனை வரை நீண்டது. படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், கைபேசியில் உலகத்தையே புரட்டிப் பார்ப்பவர்கள், எல்லோரும் எச்சில் துப்பக் காத்து நின்றார்கள்.

ஆம், எச்சில்தான் அங்கே மூலதனம். மகான் ஒரு கண்ணாடி டம்ளர் தருவார். பக்தர் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்து அதில் துப்ப வேண்டும். மகான் தம் ‘அமுதப் பொடி’யை, அதாவது மஞ்சளும் மிளகும் பட்டையும் கலந்த சமையலறைச் சரக்கை, ஒரு சிட்டிகை போடுவார். தண்ணீர் சிவந்தால் குடலில் கெட்ட கிருமி, இதயத்தில் அடைப்பு. நாற்பது நாள் பொடி தின்றபின் மஞ்சளாகவே நின்றால் பரிபூரண குணம்!

சலவைக்கடைக்காரி இந்த மகிமை எதையும் அறியாள். துணியை ஊறப்போடும் முன் சட்டைப்பையைத் துழாவுவது அவள் தொழில் வழக்கம். அன்று அவள் புருஷனின் சட்டைப்பையில் இதய மாத்திரை அட்டை கிடைத்தது. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. மனிதரோ பஸ் ஓட்டுகிறவர். அட்டையை அவர் முன் நீட்டினாள்.

“என்னங்க இது?”

“நிறுத்தி மூணு வாரமாச்சு. நாப்பது நாள் பொடி முடிஞ்சதும் மகான்கிட்ட என் டம்ளர் மஞ்சளா நின்னுச்சு. அடைப்பு போயே போச்சு!”

“மசாலா குடலுக்கு நல்லது பண்ணலாம், இதயத்துக்கும் பண்ணுமான்னு ஆராய்ச்சி நடக்குதுன்னு டாக்டரம்மாவே சொன்னாங்க. சமையல்ல சேர்த்துக்கச் சொன்னாங்க. மாத்திரைய நிறுத்தச் சொன்னாங்களா?”

“உனக்கென்ன தெரியும்? நான் கண்ணால பார்த்தவன்.”

“அப்ப நானும் பாக்குறேன். கிளம்புங்க.”

இரண்டாம் மாடியிலேயே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “பொடி வேலை செய்யுது,” என்று சிரிப்பு வேறு! மூச்சு ஆறியதும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார்.

மேலே ஒருவருடைய டம்ளர் சிவந்துகொண்டிருந்தது. கூட்டம் “ஐயோ!” என்றது. அவள் மட்டும் அசையவில்லை. அந்தச் சிவப்பு அவளுக்குப் பழக்கம். மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் அப்படித்தான் ஆகும். ‘சட்டையில ரத்தம் பூசிட்டியே’ என்று எத்தனை பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள்! இன்னொன்றும் கண்ணில் பட்டது. புது ஆளுக்கு அலமாரியின் கீழ்த்தட்டு டம்ளர், நாற்பது நாள் முடித்தவருக்கு மேல்தட்டு டம்ளர்.

அவள் முறை வந்தது. கீழ்த்தட்டு டம்ளரை வாங்கிச் சுவர்ப்பக்கம் திரும்பிக் குழாயில் பிடித்தாள். உதட்டருகே கொண்டுபோகவே இல்லை. பொடி விழுந்தது. சிவந்தது.

“முக்கால்வாசி அடைப்பு, தாயே! எண்பது நாள் பொடி!”

“எனக்கில்ல சாமி, குழாய்க்கு! நான் வாயே வைக்கல.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“நம்பிக்கையில்லாத கண்ணு பட்டாலும் தண்ணி சிவக்கும்!” மகான் சமாளித்தார்.

“அப்படியா? அதே கண்ணுதான், பாருங்க.” மேல்தட்டு டம்ளரை எடுத்தாள். அதே குழாய், அதே பொடி. மஞ்சள்! அதில் தன் பையிலிருந்த சோப்புத் துண்டைக் கரைத்தாள். சிவப்பு!

“கீழ்த்தட்டு டம்ளர்ல சலவைச் சோடா பூசிக் காயவெச்சிருக்காரு. கிருமியும் இல்ல, மகிமையும் இல்ல.”

கூட்டம் திரும்புவதற்குள் மகான் படியிறங்கிவிட்டார். அந்தக் கட்டடத்தில் மூச்சு வாங்காமல் ஓடியவர் அவர் ஒருவர்தான். துரத்தப் போனவர்கள் நாலாவது படியிலேயே நெஞ்சைப் பிடித்து நின்றார்கள்.

பஸ்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. “மூணு வாரமா ஐம்பது பேர ஏத்திக்கிட்டு ஓட்டினேனே...”

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. “பேசாதீங்க. நேரா டாக்டரம்மாகிட்ட போறோம்,” என்று கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வரிசையிலிருந்த, மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் வழிமறித்தார். “அம்மா, அது என்ன சோப்பு? கரைச்சுக் குடிச்சா அடைப்பு போகுமா?”

“சோப்பு துணிக்கு, ஐயா. உங்களுக்கு வேண்டியது கழுத்துக்கு மேலயே இருக்கு. தினமும் கொஞ்சம் பயன்படுத்துங்க. பக்கவிளைவு ஒண்ணே ஒண்ணுதான், மகான்கள் பட்டினி கிடப்பாங்க!”