தேவாங்கு ஞானமடைந்ததால் வந்த வினை

ஒரு காட்டில் (எந்தக் காடு என்று கேட்காதீர்கள், பெயரைச் சொன்னால் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள்) திருமேனி என்றொரு தேவாங்கு இருந்தது. பெயர்தான் திருமேனி. உடம்பில் கண்ணைத் தவிர வேறெதுவும் கிடையாது.

அது தன் ஞானத் தேடலை நாவலாக எழுதிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு நாலு வரி. கரடிசாமி ஆசிரமத்தில் டோக்கன் வாங்கி மூன்று நாள் வரிசையில் நின்றதும், முறை வந்தபோது சாமி சாப்பிடப் போய்விட்டதும் ஓர் அத்தியாயம். ஆமை மடத்துத் தீட்சைப் படிவத்தில் 'முற்பிறவி முகவரி' என்ற கட்டத்தை நிரப்பத் தெரியாமல் திரும்பி வந்தது இன்னோர் அத்தியாயம். இப்படியே முப்பத்தைந்து அத்தியாயம் ஓடிவிட்டது. பாக்கி ஒன்றே ஒன்று, ஞானம் கிடைக்கும் அத்தியாயம்.

அதை எழுதக் கிளையில் உட்கார்ந்த அன்று பேனா கை நழுவிக் கீழே விழுந்தது. இறங்கி எடுக்க அரை நாள் ஆகும், ஏறி வர அரை நாள். 'கிடக்கட்டுமே' என்று நினைத்தது தேவாங்கு. அவ்வளவுதான், உள்ளே அப்படியோர் அமைதி இறங்கியது! ஞானம் வந்தேவிட்டது.

வந்த ஞானம் ஒரு மாதம் தாமதமாக வந்திருக்கக் கூடாதா?

மறுநாளே பதிப்பாளர் செண்பகவல்லி வந்தாள். குள்ளநரிதான், ஆனால் கதைகளில் வருகிற மாதிரி தந்திரக்காரி இல்லை, பாவம். அவள் போட்ட ஏழு புத்தகத்தையும் கரையான்தான் கடைசிவரை படித்தது. இதுவும் போனால் அச்சகத்தை மூடிவிட்டு மறுபடி நண்டு பிடிக்கப் போக வேண்டியதுதான்.

"அண்ணே, கடைசி அத்தியாயம் குடுங்க."

"எதுக்கும்மா?"

"எதுக்கா? முப்பத்தஞ்சு அத்தியாயமும் அச்சடிச்சு அடுக்கி வச்சிருக்கேன். பாதியில நிக்கிற நாவலை யார் வாங்குவாங்க?"

"எழுதணும்னு தோணலையே."

"பின்னட்டையில உங்க படம் போடறேன், முழுப்பக்கம்."

"மரத்தைப் போடு, அழகா இருக்கும்."

"பொன்னாடை?"

"குளிர்ல நடுங்கறவங்களுக்குக் குடு."

செண்பகவல்லி அழுதே விட்டாள். "உங்க ஞானம் என் வயித்துல அடிக்குதண்ணே!"

"அழுகையும் வரும், போகும்மா" என்றது தேவாங்கு கனிவாக. அவளுக்கு அதைக் கடித்துவிடலாமா என்றிருந்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். நாவல் முடிகிறதோ இல்லையோ, வெளியீட்டு விழா அழைப்பிதழ் முதலில் அச்சாகிவிடும். அடுத்த வாரம் செண்பகவல்லி ஒரு கட்டு அழைப்பிதழோடு ஏணி போட்டுக் கிளைக்கே ஏறி வந்தாள். விழாவை நிறுத்திவிடலாம் என்று சொல்லத்தான் வந்தாள். மரியாதைக்கு ஒன்றை நீட்டினாள். தேவாங்கு புன்னகையோடு வாங்கிப் பார்த்தது, பிறகு கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தது.

"இதென்ன?"

"மன்னிக்கணும்ண்ணே. வாழ்த்துரைக்கு வர்ற மயிலாருக்குப் பட்டமே ஆறு வரி. பெரிய அச்செழுத்தெல்லாம் அதுக்கே தீர்ந்துபோச்சு. உங்க பேருக்கு இந்தப் பொடி எழுத்துதான் மிச்சம்."

"மைக்செட் போடற ஆந்தைக்குக் கீழயா என் பேரு?"

"பேருல என்னண்ணே இருக்கு, உங்களுக்குத்தான் ஞானம்…"

"ஞானம் கெடக்குது! அந்த மயில் என்னைக்காவது ஒரு நாள் தேடியிருக்குமா? டோக்கன் வாங்கி நின்னிருக்குமா? குடு அந்தப் பேனாவை!"

அவள் காதில் செருகியிருந்த பேனாவைப் பிடுங்கியது. நாலு வரித் தேவாங்கு அன்று பொழுது சாய்வதற்குள் பதினாறு பக்கம் எழுதித் தள்ளியது. அத்தியாயத்தின் தலைப்பு: 'நான் அழிந்தேன்.' சிரிக்காதீர்கள், நிஜமாகவே நன்றாக வந்திருந்தது. செண்பகவல்லி படித்துவிட்டு இரண்டாம் முறை அழுதாள், இந்த முறை சந்தோஷத்தில்.

விழாவில் மயிலார் புத்தகத்தைப் பிரிக்காமலே ஒன்றரை மணி நேரம் புகழ்ந்தார். பிரதிகள் அத்தனையும் விற்றன. நண்டுகள் பிழைத்தன.

கையெழுத்து வாங்க வந்த ஒரு முயலம்மாள் கேட்டாள்: "ஐயா, கடைசி அத்தியாயத்துல எழுதியிருக்கீங்களே ஓர் அமைதி, அது இப்பவும் உங்ககிட்ட இருக்கா?"

தேவாங்கு நிமிர்ந்து பார்த்தது. "இல்லைம்மா. போயிடுச்சு."

"வருத்தமா இல்லையா?"

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா" என்றது. உண்மையிலேயே அதன் கண் கலங்கியிருந்தது. பிறகு புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்தில் தலைப்பே மறையும்படி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தன் பெயரை எழுதிக் கொடுத்தது.

நீதி: தெரிந்தவர் யாருக்காவது ஞானம் வந்துவிட்டால் பதறாதீர்கள். அழைப்பிதழில் பெயரைச் சின்னதாகப் போடுங்கள், சரியாகிவிடும்.