யல்லா அண்ணாச்சியும் எட்டாவது இடமும்

அமீரகத்தின் ஏழு எமிரேட்டுகளையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், பாஸ்கெட்பாலைப் பற்றி யல்லா அண்ணாச்சி அளவுக்குத் தெரியாதவர் ஒருவர்கூடச் சிக்கமாட்டார். பாஸ்கெட்பாலைப் பற்றி அவர் அளவுக்குப் பேசியவரும் சிக்கமாட்டார்.

எங்கள் கல்லூரி பஸ்ஸின் டிரைவர் அவர். திருநெல்வேலிப் பக்கம். சொந்தப் பெயர் லைசென்ஸில் இருந்திருக்கும். அதைப் பார்த்தவர் போலீஸ்காரர் மட்டும்தான். ‘யல்லா’ என்றால் அரபியில் ‘கிளம்பு, ஆகட்டும்’. வண்டியைக் கிளப்பும்போது ‘யல்லா’, நிறுத்தும்போது ‘யல்லா’, யாராவது தும்மினால்கூட ‘யல்லா’. ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் ஒருவர் தோளைத் தட்டிக்கொடுத்து ‘யல்லா’ என்றார். அழுதுகொண்டிருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

மெட்ரோவுக்கு இன்னும் ஒரு தூண்கூட நடாத காலம் அது. துபாயில் புதிது புதிதாகக் கல்லூரிகள் முளைத்துக்கொண்டிருந்தன. அப்படி முளைத்த ஒன்றில் நான் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளையாட்டு ஆசிரியர் லீவில் ஊருக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு மேலும் கீழும் பார்த்தார்.

“எத்தனை அடி?”

“ஆறு ரெண்டு சார்.”

“அப்ப பாஸ்கெட்பால் டீமை நீங்களே பார்த்துக்கோங்க.”

அதுவரை என் உயரம் பயன்பட்டது, கராமாவில் நாங்கள் ஐந்து பேர் தங்கியிருந்த அறையின் ஏசி ஃபில்டரைக் கழற்றுவதற்கு மட்டும்தான். பந்தைத் தொட்டதே இல்லை. இப்படியாக, ஒன்றும் தெரியாத மேனேஜருக்கு ஒன்றும் தெரியாத டிரைவர் துணையாக வந்து சேர்ந்தார்.

ஒரே வித்தியாசம், எனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அண்ணாச்சிக்கு அந்தத் தொந்தரவு இல்லை. இரண்டே ஆட்டம் பார்த்தார், விதிமுறைகளை எல்லாம் சாலைக்கு மாற்றிவிட்டார். ஷேக் சாயித் ரோட்டில் எவனாவது குறுக்கே வெட்டினால், ஜன்னல் வழியே கையை நீட்டி, “ஃபவுல்லே! ரெண்டு ஃப்ரீ த்ரோ எனக்கு!” என்பார். அந்த ரெண்டு ஃப்ரீ த்ரோ என்பது அடுத்த இரண்டு சிக்னல் வரை அந்த வண்டியைத் துரத்திக்கொண்டே போவது. உள்ளே பத்துப் பன்னிரண்டு பையன்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஸ்கோர் சொல்வார்கள்.

எங்கள் அணி தோற்கும். அடிக்கடி தோற்கும். தோற்றுவிட்டு பஸ்ஸில் ஏறினால் ஒருவனும் பேசமாட்டான். அண்ணாச்சி கண்ணாடியில் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு ஆரம்பிப்பார்.

“ஏல மக்கா, அந்தக் கடைசிப் பந்து இருக்குல்லா, அது கூடைக்குள்ள எறங்கி, உக்காந்து, யோசிச்சு, அப்புறந்தாம்ல வெளிய வந்துச்சு. அது பந்தோட தப்பு. நம்ம கணக்குல சேராது.”

தேராவைத் தாண்டும்போது வித்தியாசம் பாதியாகக் குறைந்திருக்கும். பர் துபாய் வரும்போது நாங்கள் ஜெயித்திருப்போம். பையன்கள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார்கள்.

ஆனால் லீக் பட்டியல் பஸ்ஸில் ஏறி வந்ததில்லை. பத்துக் கல்லூரிகள் ஆடிய லீக் அது. முதல் ஏழு அணிகள் கடைசிப் போட்டித் தொடருக்கு நேராகப் போய்விடும். எட்டாவது இடத்துக்கு யார் என்பதை ஒரு கமிட்டி உட்கார்ந்து முடிவு செய்யும். எங்களுக்கு ஒன்பது ஆட்டத்தில் மூன்று வெற்றி. ஷார்ஜாவில் இருந்த ஒரு கல்லூரிக்கு நாலு. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், மூன்றைவிட நாலு பெரிசு.

எங்களுக்கும் நாலாவதாக ஒரு வெற்றி கைக்கு வந்ததுதான். அதை வேண்டாம் என்று திருப்பியவர் அண்ணாச்சி. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் மைதானத்தில் ஆட்டம். அஜ்மானிலிருந்து ஒரு கல்லூரி வரவேண்டும். ஐந்தாகியும் வரவில்லை. அரை மணி நேரம் காத்திருந்து, அதற்கும் வராவிட்டால் எங்களுக்கு வெற்றி என்பது விதி. ஐந்தே கால். ஐந்து இருபது. பையன்கள் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குதிக்க ஆரம்பித்தார்கள். ஐந்து இருபத்தைந்துக்கு கேப்டன் நிஷாந்த் எனக்குக் கைகொடுத்தே விட்டான். துபாயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். சந்தோஷம் வந்தால் ஆங்கிலம் கொட்டும். “சார், வீ வோன்! வீ ஆக்சுவலி வோன்!”

அப்போது வாசலில் ஹாரன். எங்கள் பஸ். எங்கள் பஸ் எப்போது வெளியே போனது என்றுதான் முதலில் எல்லாருக்கும் சந்தேகம். கதவு திறந்தது. உள்ளேயிருந்து பச்சைச் சட்டை போட்ட பன்னிரண்டு பேர் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அத்தனை பேரும் அஜ்மான்காரர்கள். பின்னாலேயே அவர்களுடைய கோச். கடைசியாக, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டு அண்ணாச்சி.

நடந்தது இதுதான். டிரைவர்களுக்குள் ஒரு செய்தித் தொடர்பு உண்டு. எந்தச் செய்தி நிறுவனமும் அதற்குக் கிட்டே வரமுடியாது. அஜ்மான் பஸ் ஷார்ஜாவில் ஒரு பாலத்தடியில் நின்றுபோய்விட்டது என்று மூன்றரை மணிக்கே இவருக்குப் போன் வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய், அந்த நெரிசலில் எப்படியோ நுழைந்து வெளியேறி, எதிரணியை மொத்தமாக ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

 நிஷாந்த் அவர் முன்னால் போய் நின்று கத்தினான்.

“அங்கிள்! ஒய்? ஒய்? இன்னும் அஞ்சு நிமிஷம்! ஜஸ்ட் ஃபைவ் மினிட்ஸ்!”

“வெயில்ல நிக்கானுவல்லா பிள்ளைய. குடிக்கத் தண்ணி இல்லாம நிக்கானுவ.”

“தண்ணி குடுத்துட்டு வந்திருக்கலாமே!”

“ஆட வந்தவனுக்குத் தண்ணிய மட்டும் குடுத்துட்டு வந்தா நல்லா இருக்குமாலே? யல்லா, பந்த எடுங்க.”

அந்த ஆட்டத்தில் நாங்கள் ஒரே ஒரு பாயிண்ட்டில் தோற்றோம். அன்று திரும்பும்போது அண்ணாச்சி கதை எதுவும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க ஆளில்லை. நிஷாந்த் டாக்ஸியில் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் அண்ணாச்சியிடம் பேசுவதையே நிறுத்திவிட்டான்.

லீக் முடிந்ததும் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். இந்த முறை மேலும் கீழும் பார்க்கவில்லை.

“கார் நிறுத்த இடமில்லைன்னு எல்லாரும் குறை சொல்றாங்க. எட்டாவது இடம் கிடைக்கலைன்னா அந்தக் கிரவுண்டை பார்க்கிங் ஆக்கிடலாம்னு மேனேஜ்மென்ட்ல சொல்லிட்டாங்க.”

பையன்களிடம் சொன்னேன். நிஷாந்துக்கு அது கடைசி வருஷம். “நாம டிசர்வ் பண்றோமா சார்?” என்று கேட்டான்.  ஆறு ஆட்டம் தோற்ற அணியைப் பற்றி என்ன சொல்வது?

கமிட்டிக் கூட்டம் ஷார்ஜாவில். என்னை ஏற்றிக்கொண்டு போனவர் அண்ணாச்சி. இரண்டு மணி நேர நெரிசல். நான் சொல்லவேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதி மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தேன். நாலாவது பாயிண்ட்டாக அஜ்மான் பஸ் கதையை எழுதியிருந்தேன். அதை உரக்கப் படித்ததும் வண்டி நடுரோட்டிலேயே நின்றது.

“சார், அத அடிங்க.”

“அதுதான் அண்ணாச்சி நம்மகிட்ட இருக்கிற பெரிய பாயிண்ட்!”

“இருக்கட்டும். பெறத்தியான் வண்டி நின்னுச்சு, நாம போயி ஏத்துனோம். அதப் போயிச் சபையில சொல்லி எடம் கேட்டா, அன்னைக்கு ஏத்துனதே அதுக்குத்தான்னு ஆயிராதா? அடிங்க சார். அடிச்சாத்தான் வண்டி நகரும்.”

பின்னால் பத்து வண்டிகள் ஹாரன் அடித்தன. அடித்தேன்.

நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், வடக்கத்திக்காரர். ஒரு பக்கம் பெஷாவர்க்காரரான ஒரு விளையாட்டு அதிகாரி. இன்னொரு பக்கம், ஐயோ என்றது மனசு, அஜ்மான் அணியின் கோச். கேரளத்துக்காரர். தன் அணி எங்களை ஜெயித்திருப்பதால் எங்களைப் பற்றி எதுவும் பேசப்போவதில்லை என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். எங்களுக்கு எதிரே ஷார்ஜா அணியின் மேனேஜர், முகத்தில் நாலு வெற்றியோடு.

அவர் அழகாகப் பேசி உட்கார்ந்தார். நான் எழுந்தேன்.  மூன்று வெற்றிகளையும் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டேன். பிறகு நின்றேன்.

“வேறு ஏதாவது?” என்றார் தலைவர்.

தாளைப் பார்த்தேன்; மிச்சம் இருந்தது நான் அடித்துவிட்ட அந்த நாலாவது பாயிண்ட் மட்டும். அப்போதுதான் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தண்ணீர் பாட்டிலோடு ஓரமாக உட்கார்ந்திருந்த அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

“ஏக் மினிட், பாய் சாப்!”

தலைவர் திகைத்துப்போய், “ஆப் கோன்?” என்று யாரெனக் கேட்டார்.

“ஹம் டிரைவர். லேகின் சப் மேட்ச் தேக்கா!” டிரைவர்தான், ஆனால் எல்லா ஆட்டமும் பார்த்தவர் என்று அர்த்தம்.

அண்ணாச்சியின் இந்தி துபாயிலேயே பிறந்தது, எந்த வட நாட்டுக்கும் அது போனதில்லை. ஆனால் அன்று அது அருவியாகக் கொட்டியது. “ஹம் ஹாரா, பாய் சாப். ஜரூர் ஹாரா. லேகின் அச்சா ஹாரா!” என்று மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். தோற்றோம்தான், ஆனால் நன்றாகத் தோற்றோமாம். பெஷாவர்க்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேலே இருக்கும் ஐந்து அணிகளிடமும் நாங்கள் ஐந்து பாயிண்ட்டுக்குள்தான் தோற்றோம், ஒருத்தரும் எங்களை எளிதாக ஜெயிக்கவில்லை, எங்களை ஜெயித்துவிட்டுப் போனவர்கள் இரண்டு நாள் கால் வலியில் கிடந்தார்கள், அது தனக்கு அவர்களுடைய டிரைவர்கள் மூலம் தெரியும் என்று அடுக்கினார். ஒவ்வொரு ஆட்டத்தையும் நடித்தும் காட்டினார். தண்ணீர் பாட்டில்தான் பந்து, என் தலைதான் கூடை. பெஷாவர்க்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தலைவர் சிரிக்கவில்லை. “எல்லாம் சரி. ஆனால் நாலு வெற்றி, மூன்று வெற்றி,” என்று பேனாவை எடுத்தார். அவ்வளவுதான், பார்க்கிங் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணாச்சியைப் பார்த்தேன். அந்த பஸ் கதையைச் சொல்லட்டுமா என்று கெஞ்சுகிற மாதிரி பார்த்தேன். அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கூடாது என்று தலையை ஆட்டினார்.

“ஒரு நிமிஷம்.”

அஜ்மான் கோச். பேசமாட்டேன் என்று சொன்னவர், நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். அண்ணாச்சியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்குத் தலையில துண்டு கெட்டியிருந்தது. அதான் ஆளு மனசிலாகல. நீங்களல்லவா ஞங்களை பஸ்ல ஏத்திக்கொண்டு போனது?”

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாக அவர் வாயில் யல்லாகூட வரவில்லை.

கோச் தலைவர் பக்கம் திரும்பி முழுக் கதையையும் சொன்னார். பாலத்தடி, வெயில், பன்னிரண்டு பையன்கள், ஐந்து இருபத்தைந்து. “விதிப்படி அந்த ஆட்டம் இவர்களுக்கு வரவேண்டியது. நான் வெட்கப்பட்டுச் சொல்கிறேன், எங்கள் வெற்றி இவர் பஸ்ஸில் வந்த வெற்றி.”

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்படிப் பார்த்தால் நாலும் நாலும் சமம்,” என்றார் மெதுவாக. “நீங்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் ஆடியபோது யார் ஜெயித்தது?”

 “நாங்கள்!” என்று நான் போட்ட கூச்சலில் காவலாளி கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார்.

மூன்று பேரும் ஐந்து நிமிஷம் தலையைச் சேர்த்துப் பேசினார்கள். எட்டாவது இடம் எங்களுக்கு. நான் அண்ணாச்சியைக் கட்டிப்பிடித்தேன். அவர் தலை என் நெஞ்சுக்குத்தான் வந்தது. அவர் என்னை விலக்கிவிட்டு நேராக ஷார்ஜா மேனேஜரிடம் போனார். “ஆப் பி அச்சா டீம், பாய். பஹுத் அச்சா,” என்று அவர் அணியையும் புகழ்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் கோபப்படத்தான் நினைத்திருப்பார். முடியவில்லை.

தொடரில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். முதல் ஆட்டமே அபுதாபி அணியுடன், லீக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காதவர்கள். பாதி ஆட்டத்தில் நாங்கள் ஆறு பாயிண்ட் முன்னால்! அரங்கமே எழுந்து நின்றது. பிரின்சிபால் டையைக் கழற்றிச் சுழற்றினார். அண்ணாச்சி ‘யல்லா’ என்று கத்திக் கத்தி மூன்று முறை கோட்டைத் தாண்டி உள்ளே போனார்; நாலாவது முறை நடுவர் அவரை அரங்கத்தை விட்டே வெளியே அனுப்பிவிட்டார். கடைசியில் மூன்று பாயிண்ட்டில் தோற்றோம். ஆனால் மறுநாள் பிரின்சிபால் என்னிடம், “பார்க்கிங்குக்கு வேற இடம் பார்ப்போம்,” என்றார்.

அன்று திரும்பும்போது நிஷாந்த் எழுந்து முன்னால் போனான். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான்.

“அங்கிள், நீங்க செகண்ட் ஹாஃப் பார்க்கலைல்ல?”

“எங்க பார்க்க விட்டான் அந்த விசில்காரன்!”

“நான் சொல்றேன், கேளுங்க.”

அண்ணாச்சி ரேடியோவை அணைத்தார். அன்று வண்டியை நாற்பதுக்கு மேல் ஓட்டவில்லை. எவனெவனோ குறுக்கே வெட்டினான், ஒரு ஃபவுல்கூடக் கொடுக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து அவர் விசாவை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அடுத்த மாதமே எங்கள் புதுப் பையன்கள் அதே அபுதாபி அணியை, அவர்கள் ஊரிலேயே, பதினோரு பாயிண்ட்டில் ஜெயித்தார்கள். குதித்துக்கொண்டிருந்த கூட்டத்தை விட்டு வெளியே வந்து, என்னையறியாமல் அண்ணாச்சியின் துபாய் நம்பரை அழுத்திவிட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் அரபியில் சொன்னாள், பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். இரண்டையும் முழுசாகக் கேட்டுவிட்டு, ஜெயிச்சிட்டோம் அண்ணாச்சி என்று அவளிடமே சொல்லிவிட்டு வைத்தேன்.