தூரக்கரை கவர்னரம்மாள் விஷயமாக

வரதோலி, பா டவுன்
ஜூலை 2000

சிரஞ்சீவி மைத்துனன் பாலசுப்பிரமணிக்கு, உன் அக்காள் ஜான்கியின் புருஷன் வெங்கடசாமி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. சுப்பிரமணிய சுவாமி கிருபையால் நாங்கள் இருவரும் உயிரோடும் ஒரு டெலிவிஷனோடும் இருக்கிறோம். சிட்னிக் குளிரில் நீயும் உன் பெண்டு பிள்ளைகளும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறோம்.

உன் கடிதம் கிடைத்தது. அதில் இரண்டு சங்கதிகள் எழுதியிருந்தாய். ஒன்று, ஃபீஜியில் இனிமேல் நமக்கு வாழ்வில்லை, வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு இருவரும் புறப்பட்டு வாருங்கள் என்பது. மற்றது, நீ அனுப்பும் 'தூரக்கரை' டெலிவிஷன் தொடரில் கவர்னரம்மாளாகப் புதிதாய் வந்திருக்கும் நடிகை, பழைய நடிகையைவிட மேல் என்பது. உன் அக்காள் இரண்டாவதைத்தான் முதலில் படித்தாள். அன்று முழுக்க உன் பெயரை அவள் வாயில் எடுக்கவில்லை. சோறு போடும்போது மட்டும், "தலைமயிர் அழகா இருந்தா நடிப்பு வந்துருமா? இவன் சின்னதுலருந்தே அப்டித்தான்" என்றாள். நீ கடிதத்தோடு வைத்திருந்த பத்திரிகைப் படத்தில் பார்த்தவரைக்கும் அந்த நடிகையை எனக்கும் கொஞ்சம் பிடிக்கும் என்பதை நான் அப்போது சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டும்போது இந்த வரியைத் தாண்டிவிடுவேன்.

எண்பத்தேழில் ராணுவம் முதல் தடவை பார்லிமெண்டுக்குள் புகுந்ததும் நீ புறப்பட்டுப் போனாய். போனவன் சும்மா இல்லாமல் அந்த ஊர் டெலிவிஷனில் வருவதைக் கேசட்டில் பிடித்து அனுப்ப ஆரம்பித்தாய். அதனால் இங்கே என்ன ஆனது தெரியுமா? சனிக்கிழமை மத்தியானம் என்றால் பக்கத்து வீட்டுச் செமி எங்கள் கூடத்துக்கு வந்துவிடுவார். நீ போன பிறகு இந்தத் தெருவுக்குக் குடிவந்த பூர்வீக ஃபீஜியர் அவர். சர்க்கரை ஆலையில் ஃபிட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம். ஒரு சட்டி யாங்கோனா வேர்ப்பொடி கரைத்து நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் குடிப்போம். ஜான்கி டெக் பக்கத்தில் உட்கார்ந்து, நாங்கள் பேசினால் படத்தை நிறுத்துவாள். செமி எங்களோடு பேசுவது இந்துஸ்தானியில்; அவருக்கு நான் 'பையா', அதாவது அண்ணன், ஜான்கி 'பௌஜி', அண்ணி. உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

தூரக்கரை என்கிற அந்த நகரத்தில் போலீஸ் இல்லை, பூட்டு இல்லை, நிலத்துக்குச் சொந்தக்காரன் இல்லை, எந்தக் கிரகத்து மனிதனும் எந்தக் கிரகத்து மனிதனோடும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறான் அல்லவா? அதைப் பார்த்து முதல் தடவையே எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஃபீஜியர் நிலத்தில் நம்மவர் குத்தகை முடிந்து காலி பண்ணுவது போலில்லாமல், குத்தகையே முடியாத ஒரு ஊர்! செமி மட்டும் தலையை ஆட்டினார். "பையா, யாருக்கும் சொந்தமில்லாத நிலம்னு ஒண்ணு கெடையாது. யாரையோ கேக்காம விட்டுட்டாங்க." அந்த ஒரு வார்த்தைக்கு நாங்கள் இரண்டு வருஷம் சண்டை போட்டோம். நல்ல சண்டை. ஒருவரும் எழுந்து போனதில்லை.

போன மே மாதம், நம் இந்தியர் ஒருவர் பிரதமராக இருப்பது பொறுக்காத ஃபீஜியர் கும்பல் ஒன்று சுவாவில் மறுபடியும் பார்லிமெண்டுக்குள் புகுந்து மந்திரிமாரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அந்தச் சனிக்கிழமை செமி வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. எதிர்வீட்டுச் சிவன், "பாத்தியா, எல்லாரும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு நடபுவாவில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான். நானும் சாயங்காலம் செமி ஆலையிலிருந்து திரும்பும்போது வாசலில் நிற்காமல் உள்ளே வந்துவிட ஆரம்பித்தேன். அவரும் எங்கள் வேலிப் பக்கம் பார்க்காமல் நடந்தார். ஒரே கிணற்றடி மண்ணில் இரண்டு வீடு, நடுவில் ஒரு செம்பருத்தி வேலி, அதன் இரண்டு பக்கமும் இரண்டு கிழவர்கள் குனிந்துகொண்டு நடந்தோம்.

இந்த லட்சணத்தில்தான் அந்தக் கடிதத்தோடு உன் கேசட்டு வந்தது, பழைய நடிகை கடைசியாக நடித்த பாகம். கப்பல் நிறைய அகதிகள் வந்து இறங்க இடம் கேட்கிறார்கள். கவர்னரம்மாள் நகரத்தாரிடம், ஒரு மாதத்தில் இவர்கள் போய்விடுவார்கள் என்கிறாள். அகதிகளிடம், இனி இதுதான் உங்கள் ஊர் என்கிறாள். இரண்டு பக்கமும் பொய். இது நியாயமா என்று நான் கேட்டேன். "உசுரோட எறங்கட்டும் மொதல்ல, நியாயத்த அப்பறம் பேசலாம்" என்றாள் ஜான்கி. நான் எழுந்து நின்று எதிர்வாதம் ஆரம்பிக்கும்போது வாசலில் லாரி வந்து நின்றது.

வெளியூர் இளைஞர்கள், ஆறேழு பேர். லாரியில் ஏற்கெனவே யாருடைய ஃபிரிட்ஜோ, யாருடைய தையல் மெஷினோ. கையில் கரும்பு வெட்டும் கத்தி. ஜான்கியிடம் பின்பக்கமாகப் போய்விடலாம் என்றேன். "இரு, முடியப் போவுது" என்றாள். பயத்தில்தான் அப்படிச் சொன்னாள் என்று பிற்பாடு தெரிந்தது. அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை.

அப்போது வேலியைத் தாண்டிச் செமி வந்தார். இடுப்பில் சூலு வேட்டி, மேலே சர்ச்சுக்குப் போடும் கறுப்புக் கோட்டு. வாசலை அடைத்து நின்றுகொண்டு அவர்கள் பாஷையில் உரக்கச் சொன்னார்: "இது என் வீடு. இதில் இருப்பதெல்லாம் என்னுடையது. இவர்களை இன்றைக்குத்தான் காலி பண்ணச் சொல்லியிருக்கிறேன்."

அவர்கள் உடனே தொப்பியைக் கழற்றினார்கள். பெரியவரே, மன்னிக்க வேண்டும் என்றார்கள். அதோடு போயிருந்தால் நன்றாயிருக்கும். நல்ல பிள்ளைகளாக வளர்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது, "நீங்கள் ஏன் சிரமப்பட வேண்டும், நாங்களே சாமானை எடுத்துத் தருகிறோம்" என்று உள்ளே நுழைந்துவிட்டார்கள். செமிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சொன்ன பொய்யைத் திருப்பி வாங்க முடியுமா? "எல்லாவற்றையும் என் அந்த வீட்டில் வையுங்கள்" என்று வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். கட்டில், பீரோ, பாத்திரம், முருகன் படம், ஒன்று விடாமல் அவர்கள் பூப்போலத் தூக்கிக்கொண்டு போய்ச் செமியின் வீட்டில் அடுக்கினார்கள். கூலி கொடுத்து ஆள் பிடித்திருந்தால்கூட ஒரு தட்டாவது உடைந்திருக்கும்.

டெலிவிஷனைத் தூக்க வந்தவன் திரையில் நின்றிருந்த முகத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றான். ஜான்கியிடம் திரும்பி இந்துஸ்தானியிலேயே கேட்டான்: "இது பழைய கவர்னர்தானே?"

"ஆமா."

"வீடியோ கடையில பாத்தேன், புதுசா வந்தவ சரியில்ல."

ஜான்கி என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவள் கண்ணில் ஜெயித்த களை. "கொள்ளைக்காரனுக்குத் தெரியுது" என்றாள் தமிழில். அவன் டெக்கை வெகு ஜாக்கிரதையாக, ஒயரைச் சுருட்டி, அவள் கையிலேயே கொடுத்தான்.

லாரி போன பிறகு அந்தச் சாமானுக்கு நடுவில் உட்காரக்கூட இடமில்லாமல் நின்றோம். கூலி வாங்காத அந்தக் கூலிக்காரர்கள் திரும்பி வரலாம் என்ற பயத்தில் அந்த வாரம் முழுதும் செமி வீட்டிலேயே தங்கினோம். செமியின் சம்சாரம் மீன் குழம்பு வைத்தாள், ஜான்கி ரொட்டி தட்டினாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை செமி பிரசங்கத்துக்குப் போகவில்லை. கோட்டைப் போட்டார், கழற்றினார், எங்கள் பீரோவுக்கும் அவருடைய பீரோவுக்கும் நடுவில் இருந்த சந்தில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சோறும் தொடுவதில்லை.

"பொய் சொன்ன வாயோட எப்டி ஏறி நிக்கறது?" என்றார்.

"நான் சொன்ன கதையில கவர்னரம்மா பொய் சொல்லலியா? எவ்ளோ பேர எறக்கிவிட்டா" என்றாள் ஜான்கி.

"பௌஜி, அவ சொன்னது படத்துல. நான் சொன்னது ரோட்டுல."

நான், "எங்க வீட்டுக்கு ஏன் வரல இத்தன நாளா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது, பையா? நீ திட்டுவேன்னு பயமில்ல. நீ திட்டமாட்டேன்னுதான் பயம்." பிறகு சொன்னார்: "பொய் சொன்னதுகூடப் பெரிசில்ல. என் வீடுன்னு சொன்னேன். ஒரு கேள்வி கேக்காம நம்பினாங்க. உங்க அப்பா கட்டின வீடு. நீ என் வீடுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்களா?"

எங்கள் மூன்று பேருக்கும் பதில் தெரியும். ஜான்கி எழுந்து போய்க் கேசட்டைப் போட்டாள். கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாத டெலிவிஷனுக்கு முன்னால் நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து, கவர்னரம்மாள் கடைசியில் என்ன செய்திருப்பாள் என்று சாயங்காலம் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். அதைவிட நல்ல சனிக்கிழமை எனக்கு ஞாபகமில்லை, அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும்.

இப்போது எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். சாமானைத் தூக்கியது நானும் செமியும். இரண்டு தட்டு உடைந்தது. ஆகையினால், மைத்துனா, உன் அழைப்புக்கு எங்கள் பதிலைத் தீர்மானமாக எழுதுகிறேன். நாங்கள் வரவில்லை. சிட்னிதான் நிஜமான தூரக்கரை என்று நீ எழுதுகிறாய். இருக்கலாம். ஆனால் பக்கத்து ஃபிளாட்டுக்காரன் பெயர் தெரியாது என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறாய். எனக்காகப் பொய் சொல்லிவிட்டு அதற்காகப் பட்டினி கிடக்கிற ஒரு மனிதன் இருக்கும் தெருவை விட்டுவிட்டு இந்த வயதில் எங்கே போவது? ஜான்கிக்கும் இதே எண்ணம். இனி இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

உன் பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். முருகன் உங்களை வெயிலிலும் பனியிலும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
வெங்கடசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் செமி வந்தார். சுவாவில் நர்ஸாக இருக்கும் அவர் மகள் லூசிக்குச் சிட்னியில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்திருக்கிறதாம். அப்பா அம்மாவையும் வரச் சொல்லிவிட்டாளாம். கிறிஸ்துமசுக்கு முன்னால் போகிறார்கள். "பாலாவோட அட்ரஸ் குடு பையா, தெரிஞ்ச ஆள் ஒருத்தராச்சும் வேணும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். அந்த வீட்டுக்கு யார் வருவார்கள் என்று கேட்டேன். தெரியாது என்றார். டீ போடப் போன ஜான்கி இன்னும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன், "அடிக்காத, அசிங்கமா இருக்கும். அவனே இன்னொரு தடவ கூப்பிடட்டும்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். ஆகவே இன்னொரு தடவை கூப்பிடு. இந்த மாதத்துக்குள் கூப்பிடு.