கடைமடைக்கு வராத சேதி

அன்புள்ள மாப்பிள்ளை அருள்பிரகாஷ் அவர்களுக்கு, கீழ்வேளூரிலிருந்து மாமனார் பெரியநாயகசாமி எழுதுவது. மாதா கிருபையில் நானும் மரியபுஷ்பமும் நலம், மாடுகள் நலம். நீங்கள் எங்கள் பாசனச் சங்கத்துக்கு வைத்துக் கொடுத்த சர்வர் மட்டும் நலமில்லை. போனில் சொன்னால் "ரீஸ்டார்ட் பண்ணுங்க மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா?

வாய்க்காலில் யாருக்கு எப்போது தண்ணீர் முறை என்று சர்வர் சேதி அனுப்ப வேண்டும். பத்து நாளாக மதியமானால் திக்கித் திணறி நின்றுவிடுகிறது. போன முறை கடைமடையில் வயல் வைத்திருக்கும் எனக்குச் சேதியே வரவில்லை. தண்ணீர் வந்து, என்னைக் காணாமல் போய்விட்டது. வியாழக்கிழமை முறையும் தவறினால் மூன்று ஏக்கர் நடவும் கருகிவிடும். நீங்கள் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து நெட்ஸ்டாட் என்ற கட்டளையை அடித்தேன். நெட்வொர்க் பஃபர் அத்தனையும் உபயோகத்தில். பஃபர் இல்லையென்று திருப்பியனுப்பிய சேதி நாலாயிரத்துச் சொச்சம். பஃபர் என்றால் கொள்முதல் நிலையத்துச் சாக்கு மாதிரி, சேதியை இறக்கியதும் திரும்பி வர வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். பொருளாளர் ஐயாவு, "அளவ ரெண்டு மடங்காக்குங்க, சரியாயிரும்" என்றார். ஆக்கினேன். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அதுவும் தீர்ந்தது. மேட்டூரையே திறந்துவிட்டாலும் மேல்மடைக்காரன் மடையை அடைக்காவிட்டால் கடைமடைக்கு என்ன வரும்? யாரோ சாக்கைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். யாரென்று நான் சொல்லக்கூடாது, ஆனால் ஐயாவுக்கு வயல் தலைமடையில இருக்கு, மூணு போன் வெச்சிருக்காரு, நாப்பது வருஷமா இந்த ஆளு... வேண்டாம், கடிதத்தில் ஏச்சு எழுதக்கூடாது என்கிறாள் உங்கள் மாமியார்.

மகள் அருள்ஜோதிக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசீர். ஆண்டவர் உங்களைக் கண்போல் காக்கட்டும். புதன்கிழமைக்குள் இங்கே அனுப்பியும் வைக்கட்டும்.

இப்படிக்கு,
பெரியநாயகசாமி

பி.கு.: கவருக்குப் பசை தடவ உங்கள் தாளைத் திருப்பிப் போட்டால், பின்பக்கத்தில் இன்னொரு கட்டளை! யார் யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்று காட்டுமாம். அடித்தேன். ஒரே ஒரு போனிலிருந்து நூற்று முப்பத்தேழு இணைப்பு. ஐயாவு போன்தான் என்று முடிவுகட்டி, அவருக்கு ஆள் அனுப்ப எழுந்தேன். சாப்பிடக் கூப்பிட வந்த மரியபுஷ்பம் என் போனை வாங்கிப் பார்த்தாள். நூற்று முப்பத்தேழும் அதில்தான் திறந்து கிடந்தன. முறை தவறிவிடுமோ என்று மணிக்கொரு தடவை சங்கத்தின் முறைப் பட்டியல் பக்கத்தைப் புதிதாகத் திறப்பேன். மூடினால் வரிசையில் என் இடம் போய்விடும் என்று ஒன்றையும் மூடியதில்லை. மூடாத ஒவ்வொன்றுக்கும் சர்வர் சேதியைச் சாக்கில் கட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறது. அவள் மூட மூட எண்ணிக்கை இறங்கியது.

"கடைமடைக்காரருக்கு மடைய அடைக்கத் தெரியலையே!" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் சேதி வந்தது: வியாழன் காலை ஆறு மணி, என் முறை. கண் கலங்கிவிட்டது மாப்பிள்ளை. நடவு பிழைத்தது. ஐயாவு பற்றி மேலே எழுதியதை நீங்கள் படிக்கவேயில்லை. நாளை அவர் வீட்டுக்கு ஒரு தார் பூவன் பழம் கொண்டுபோகிறேன். எதற்கென்று கேட்டால் என்ன சொல்வதென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.